திருப்பூர்ச் சலவையும் நுண்குழாய் உப்பீனியேற்றமும்

பனியன் என்னும் உள்ளாடையை அறியாதார் நம் நாட்டில் இலர். ஆயினும், அப்பனியன் வெண்மை எய்துவதற்கு முன்னர் எந்நிலையில் இருந்ததென்பதைக் கண்ணாற் கண்டவர் சிலரே. பின்னல் இயந்திரத்தினின்று சுருளாய் இறங்கும் கோராத் துணி மங்கிய மஞ்சள் நிறத்தது. பருத்தியின் இயற்கை மெழுகும், பெக்டின் என்னும் பசைப்பொருளும், சிறிதளவு புரதமும், விதையோட்டின் கருந்துகள்களும் அதன்கண் ஒட்டிக் கிடக்கும். இவற்றை நீக்கித் துணியை வெண்மையாக்கும் பணியை நெடுங்காலம் செய்துவந்தது குளோரின் என்னும் பொருள். வெளுத்த துணிக்கு ஏற்றப்படும் சாயங்கள் பலவற்றின் அணுக்கட்டினுள்ளும் அதே குளோரினே அமர்ந்திருக்கிறது. ஆதலின், திருப்பூரின் வெண்மையும் வண்ணமும் ஒருவகையில் உப்பீனி இரசாயனத்தின் விளைவுகளே எனல் மிகையாகாது. அவ்வுப்பீனிகளைக் கரிமப் பொருள்களோடு கூட்டுதற்கு இரசாயனர் அண்மைக்காலத்திற் கைக்கொண்டுவரும் நுண்குழாய் வினைகலன் என்னும் கருவியின் இயல்பு யாது என்பதையும், அது நம் கொங்குநாட்டுப் பின்னலாடைத் தொழிலுக்கு எவ்விடத்தில் துணையாகும், எவ்விடத்தில் ஆகாது என்பதையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

புளூரின், குளோரின், புரோமின், அயோடின் என்னும் நான்கும் உப்பீனிகளுள் தலையாயவை. உலோகங்களோடு கூடி உப்பை ஈனுதலால் அப்பெயர் பெற்றன. நாம் நாள்தோறும் உண்ணும் சோற்றுப்பே அதற்குச் சான்று. இவற்றின் அணு ஒவ்வொன்றும் வெளிச்சுற்றில் ஏழு எலக்ட்ரான்களை உடையது. எட்டாவதைப் பற்றிக்கொள்ளும் வேட்கை அதற்கு எப்போதும் உண்டு. அவ்வேட்கை புளூரினிடத்து மிகக் கடியது. குளோரினிடத்தும் புரோமினிடத்தும் படிப்படியே தணிந்து, அயோடினிடத்து மென்மையுற்று நிற்கும்.

1774-ஆம் ஆண்டு சுவீடன் தேயத்து மருந்தாளர் ஷீலே என்பவர் குளோரினை முதன்முதற் பிரித்தெடுத்தார். 1785-இல் பிரெஞ்சு இரசாயனர் பெர்த்தோலே அதன் வெளுக்கும் ஆற்றலைத் துணித்தொழிலுக்குப் பயன்படுத்தினார். 1799-இல் ஸ்காத்லாந்தில் டெனன்ட் என்பவர் அதனைச் சுண்ணாம்பில் ஏற்றிச் சலவைத்தூள் ஆக்கினார். அதற்கு முன்னர் ஐரோப்பியர் துணியைப் புல்வெளியில் வாரக்கணக்காக விரித்து வெயிலுக்குக் காட்டினர். நம் நாட்டு வண்ணாரோ உவர்மண்ணும் வெள்ளாவியும் கதிரவனும் துணையாக அதே வேலையை முடித்தனர். சலவைத்தூள் வந்தபின் வாரங்கள் மணிகளாகச் சுருங்கின.

தமிழ்நாட்டில் இத்தொழிலுக்கு அடிகோலிய இடங்களுள் மேட்டூர் ஒன்று. 1934-இல் அணை கட்டி முடிக்கப்பெற்றது. 1936-இல் மேட்டூர் கெமிக்கல் நிறுவனம் தோன்றியது. உப்புநீரினூடே மின்சாரத்தைச் செலுத்தினால், ஒருபுறம் காஸ்டிக் சோடாவும் மறுபுறம் குளோரினும் பிறக்கும். 40 பங்கு சோடாவுக்கு 35½ பங்கு குளோரின் என்பது மாறாத கணக்கு. சோப்புக்கும் காகிதத்துக்கும் சோடா வேண்டுமென்று உப்பைப் பிளப்போர், தாம் வேண்டாத குளோரினையும் ஏற்றே தீரவேண்டும். ஏற்ற குளோரினுக்கு ஏதேனும் வேலை தேடியும் கொடுக்கவேண்டும். சென்ற நூற்றாண்டின் இரசாயனத் தொழில் வரலாற்றிற் பெரும்பகுதி இச்சிறு கணக்கினுள் அடங்கிக் கிடக்கிறது என்பது எம் கருத்து.

நிற்க. குளோரின் துணித்தொட்டியிற் செய்யும் தொழில் ஒன்றன்று, இரண்டு என்பதை மாணவர் நன்கு உளங்கொள்ளவேண்டும். முதலாவது, நிறப்பொருளை ஆக்ஸிகரணஞ் செய்து சிதைத்தல். துணி வெளுப்பது இதனால். இரண்டாவது, கரிமப் பொருளின் மூலக்கூறினின்று ஒரு ஹைட்ரஜன் அணுவைத் தள்ளிவிட்டு அவ்விடத்திற் குளோரின் அணுவொன்று தானே அமர்ந்துகொள்ளுதல். இதுவே உப்பீனியேற்றம். முதற்றொழிலை நாம் வேண்டி அழைக்கின்றோம். இரண்டாவதோ அழையா விருந்தாய் உடன்வருகிறது. துணியின் மெழுகும் பெக்டினும் புரதமும் ஹைப்போகுளோரைட்டு நீரிற் கரைந்து நிற்கையில், அவற்றுட் சில குளோரினை ஏற்றுக் குளோரோபாரம் முதலிய பொருள்களாக மாறுகின்றன. இவ்வகைப் பொருள்கள் பல எளிதில் அழியா. நுண்ணுயிர்களும் அவற்றை விரைந்து உண்ணா.

கழிவுநீரில் இவை எத்துணை உள்ளன என்று அளக்கும் முறை சுவையானது. நீரைத் தூள்கரியோடு கலந்து குலுக்கினால் கரிமப் பொருள்களைக் கரி பற்றிக்கொள்ளும். சோற்றுப்பின் குளோரைடு கரியில் ஒட்டாதாதலின் அதனைக் கழுவி அகற்றலாம். பின்னர் அக்கரியை ஆக்ஸிஜனில் எரித்து, வெளிப்படும் உப்பீனியை மின்முறையால் எண்ணிவிடுவர். ஓர் ஆற்றுநீரில் உப்பு மிகுதியாயிருப்பது வேறு, உப்பீனியேறிய கரிமப் பொருள் இருப்பது வேறு என்பதை இம்முறை பிரித்துக் காட்டும். பொதுமக்கள் பேச்சில் இவ்விரண்டும் 'சாயக்கழிவு' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுதலால், எதற்கு எது மருந்து என்பதில் மயக்கம் நேர்கிறது.

நொய்யலாற்றின் வரலாறு அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு வெறும் ஏட்டுக்கல்வி அன்று. வெள்ளியங்கிரி மலைச்சாரலிற் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் அவ்வாற்றின் கரையிலேயே சலவைப்பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் எழுந்தன. 1980-களில் ஏற்றுமதி பெருகி, வெள்ளைப் பனியனோடு வண்ண ஆடைகளும் மிகுந்தபோது கழிவும் மிகுந்தது. உழவர்க்குப் பாசனம் அளிப்பதற்கென்று ஒரத்துப்பாளையத்திற் கட்டி 1992-இல் முடிக்கப்பெற்ற அணை, சில ஆண்டுகளுள் சாயநீர் தேங்கும் குளமாயிற்று. தம் வயலுக்கென்று கட்டிய அணையைத் திறக்கவேண்டாம் என்று உழவரே வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது. ஆயக்கட்டுதாரர் வழக்குத் தொடுத்தனர். 2009-இல் உச்சநீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. 2011-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் இட்ட ஆணையால் எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீர் ஒரு துளியும் வெளிச்செல்லலாகாது என்னும் நியதியின்கீழ்ப் பின்னரே அவை படிப்படியாய்த் திறந்தன.

இங்கு ஓர் உண்மையை ஒளியாது கூறவேண்டும். நொய்யலைக் கெடுத்தவற்றுள் முதன்மையானது உப்பு. பருத்தியிற் சாயம் ஏறும்பொருட்டு, அடர்நிறங்களுக்கு லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை சோற்றுப்போ சோடியம் சல்பேட்டோ இடுவர். அவ்வுப்பில் எதுவும் துணியில் தங்குவதில்லை. உப்பீனியேறிய கரிமப் பொருள் நிறையால் அதனினும் மிகக் குறைவு. ஆயினும் சிறிதென்று அதனை விலக்கலாகாமைக்கு இரண்டு காரணங்கள் உள. நச்சுத்தன்மை நிறையைப் பொறுத்ததன்று என்பது ஒன்று. மற்றொன்று இந்நாளைய சுத்திகரிப்பு நிலையங்களைப் பற்றியது. அங்கு உப்பைப் பிரிக்கும் சவ்வுகள் பாலியமைடு என்னும் பொருளால் ஆனவை; சலவையில் மிஞ்சிய குளோரின் அவற்றைத் தொட்டால் அச்சவ்வையே தாக்கிச் சிதைத்துவிடும். உப்பை நீக்கும் கருவியை மிச்சக் குளோரின் கெடுக்குமாயின், சிறிய தீங்கு பெரிய தீங்குக்கு வாயில் திறந்ததாகும். ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுக்கும் முறை பரவியதற்கு அயல்நாட்டு வணிகரின் கட்டளையோடு இதுவும் துணைநின்றது. பெராக்சைடு தன் வேலை முடிந்தபின் நீரும் ஆக்ஸிஜனுமாய் ஒழியும்.

இனி, வேண்டியே செய்யப்படும் உப்பீனியேற்றத்துக்கு வருவோம். பண்டைய ரோமப் பேரரசர் அணிந்த தீரியச் செந்நீலச் சாயம் கடற்சங்கினின்று எடுக்கப்பட்டது. 1909-இல் பிரீட்லந்தர் என்னும் இரசாயனர் 12,000 சங்குகளினின்று 1.4 கிராம் சாயத்தைப் பிரித்து, அது நம் அவுரி நீலத்தின் மூலக்கூறில் இரண்டு புரோமின் அணுக்கள் ஏறியதே எனக் கண்டார். இரண்டே அணுக்கள், அவுரி விளையும் காட்டுக்கும் அரசரின் ஆடைக்கும் இடைப்பட்ட வேறுபாடு அவ்வளவே! அச்சடித்த பனியன்களிற் காணும் பளிச்சென்ற பச்சை நிறமியும் இத்தகையது. நீலநிறத் தாமிரத் தாலோசயனீனில் 14 முதல் 16 வரை குளோரின் அணுக்களை ஏற்றினால் அது பச்சையாகிறது.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் மிகுதியும் வழங்குபவை வினைச்சாயங்கள். பருத்தி நாரோடு இரசாயனப் பிணைப்பாற் கூடும் இவற்றை 1954-இல் இங்கிலாந்தில் ராட்டியும் ஸ்டீபனும் கண்டறிந்தனர். 1956-இல் அவை கடைக்கு வந்தன. அவற்றின் பற்றுக்கொக்கி சயனூரிக் குளோரைடு என்னும் பொருளால் ஆயது. அதன் மூலக்கூறில் மூன்று குளோரின் அணுக்கள் உள. முதலாவது பனிக்கட்டியின் குளிரிலேயே இடம்பெயரும். இரண்டாவதற்கு 40 பாகையளவு வெப்பம் வேண்டும். மூன்றாவதற்கு 80 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். 'கோல்டு பிராண்டு', 'ஹாட் பிராண்டு' என்று சாயக்காரர் பேசும் வேற்றுமை, சாயத்தில் இன்னும் எத்தனைக் குளோரின் எஞ்சியுள்ளது என்பதையே குறிக்கும். பள்ளிப்படிப்பு மிகுதியில்லாத சாய மேஸ்திரியும் இவ்விரண்டையும் மயங்காது கையாளுவார். சாயம் நாரைப் பற்றும்போது குளோரின் விலகி உப்பாய்ப் போய்விடும். ஆனால், நாருக்குப் பதிலாக நீரோடு கூடி வீணாகும் சாயம் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ உண்டு. எல்லாச் சாயங்களும் இவ்வினத்தன அல்ல. மிகுதியாய்ச் செலவாகும் கருப்பு வினைச்சாயம் உப்பீனிக் கொக்கி உடையதன்று.

இப்பொருள்களை ஆக்குதற்கு உப்பீனியைக் கரிமப் பொருளோடு பெரிய கலன்களிற் சேர்ப்பதே பழைய முறை. அதன்கண் உள்ள இடர்கள் மூன்று: வெப்பம், கலப்பு, ஒளி.

வெப்பத்தை முதலிற் காண்பாம். மீத்தேனில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதிலாகப் புளூரின் ஏறினால் மோலுக்கு ஏறத்தாழ 430 கிலோஜூல் வெப்பம் வெளிப்படும். குளோரின் ஏறினால் 100. புரோமின் ஏறினால் 30. அயோடினோ வெளியிலிருந்து 50 அளவிற்கு வெப்பத்தை வாங்கிக்கொண்டுதான் ஏறும். கல்யாண வீட்டு அண்டாவில் அரிசியை உலையிட்டால், அடியிற் பிடிப்பதும் மேலே வேகாதிருப்பதும் உண்டன்றோ? அண்டா பெரிதாகப் பெரிதாக உள்ளிருக்கும் பொருள் வளரும் வேகத்தில் அதன் சுவர் வளர்வதில்லை. இரசாயனக் கலனில் இஃது உண்ட சோற்றின் சுவையோடு நிற்பதன்று. வெளியேற வழியில்லா வெப்பம் வினையை விரைவாக்க, விரைந்த வினை மேலும் வெப்பத்தைப் பெருக்க, கலன் வெடித்தலும் நேரும்.

அடுத்தது கலப்பு. டோலுயீன் என்னும் பொருள் ஆறு கரியணுக்களின் வளையத்தையும், அதினின்று நீண்ட ஒரு கிளையையும் உடையது. அதிற் குளோரினைச் செலுத்தும்போது ஒளி படுமாயின் குளோரின் கிளையில் ஏறும். ஒளியின்றி இரும்புக் குளோரைடு இருப்பின் வளையத்தில் ஏறும். கிளையில் ஏறினும் ஒன்றோடு நின்றுவிடாது. இடமுள்ள மூன்றிலும் ஏறப் பார்க்கும். ஒன்று ஏறியது பென்சைல் குளோரைடு. கிருமிநாசினிகளும் சாயத்தொழிலின் துணைப்பொருள்கள் சிலவும் அதினின்று பிறக்கின்றன. நமக்கு வேண்டியது அவ்வொன்றே. பெரிய கலனின் அடியிற் குளோரினைக் குமிழியாய் விட்டால், குமிழி எழுமிடத்திற் குளோரின் மிகுந்து சில மூலக்கூறுகள் இரண்டும் மூன்றுமாய் ஏற்றிக்கொள்ளும்; தொலைவில் உள்ளவை ஒன்றுமின்றி நிற்கும். பந்தியில் தலைவாசலில் அமர்ந்தவனுக்கு மூன்று இலைச் சோறும், கடைக்கோடியில் இருந்தவனுக்கு வெற்றிலையும் கிடைத்த கதைதான்.

மூன்றாவது ஒளி. நிறமுள்ள புரோமினும் குளோரினும் ஒளியை விழுங்குவன. விளக்கை அண்டிய சிறிதளவு திரவமே ஒளிபெறும். உட்புறம் இருளிற் கிடக்கும்.

நுண்குழாய் வினைகலன் இம்மூன்றையும் ஒரே உபாயத்தால் எதிர்கொள்கிறது. கலனை மிகச் சிறியதாக்கி, பொருளை நிறுத்தாது ஓடவிடுதலே அவ்வுபாயம். ஒரு மில்லிமீட்டரோ அதனினும் குறுகியதோ ஆன குழாயின் இரு கிளைகளிலும் இரு திரவங்களைப் பம்புகள் சீராய்த் தள்ளுகின்றன; அவை கூடுமிடத்தில் வினை தொடங்கி, குழாயின் கடைவாயை அடையுமுன் முடிகிறது. ஏரியை உடைத்து வயலில் விடுவதற்கும், மடைவாயில் அளந்து பாத்தி பாத்தியாய்ப் பாய்ச்சுவதற்கும் உள்ள வேற்றுமை என்க.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் அகலமுள்ள உருளைக் கலனில் ஒரு லிட்டர் திரவத்துக்குக் கிடைக்கும் பக்கச்சுவர் 40 சதுர சென்டிமீட்டர். ஏறத்தாழ ஒரு தீப்பெட்டியின் மேல்கீழ்ப் பரப்பு. ஒரு மில்லிமீட்டர்க் குழாயில் அதே ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சுவர் 4 சதுர மீட்டர். அது சிற்றறையொன்றின் தரை. ஆயிரம் மடங்கு சுவர் இருக்கையில் வெப்பம் எங்கே தங்கும்? கலப்பும் இவ்வாறே. திரவத்தில் ஒரு மூலக்கூறு தானே பரவி 10 சென்டிமீட்டர் செல்ல ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். அரை மில்லிமீட்டர் செல்ல இரண்டு நிமிடம் போதும். அதிற் பத்திலொரு பங்கு தொலைவுக்கு ஒன்றே கால் நொடி. தொலைவு பத்திலொன்றாயின் காலம் நூற்றிலொன்றாகும் என்பது பரவல் விதி. ஒளியோ, மெல்லிய கண்ணாடிக் குழாயை ஒருபுறமிருந்து மறுபுறம் எளிதில் ஊடுருவும்.

இன்னொரு கணக்கு, எம் மனத்தை மிகவும் கவர்ந்தது. 10 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு மில்லிமீட்டர்க் குழாயின் நீளம் சுமார் 12¾ மீட்டர். சுருட்டினால் உள்ளங்கையில் அடங்கும். நிமிடத்துக்கு ஒரு மில்லிலிட்டர் ஓடினால், திரவம் பத்து நிமிடம் உள்ளே தங்கும். லிட்டருக்கு ஒரு மோல் அடர்வுடைய கரைசலாயின், எந்நொடியிலும் அக்குழாயினுள் இருக்கக்கூடிய புரோமின் 1.6 கிராமுக்கு மேற்படாது. வினை முற்றும் நிறைவேறுமாயின், ஒரு நாளிற் பிறக்கும் பென்சைல் புரோமைடோ 246 கிராம். நம் நாட்டில் குளோரின் ஏற்றிவரும் பெரிய உருளை ஒன்றில் 900 கிலோ நிற்கிறது. 1984-ஆம் ஆண்டு டிசம்பரில் போபாலில் நச்சாவி கசிந்த தொட்டியில் இருந்தது சுமார் 40 டன். அவ்வாவி அன்று இருப்பில் வைக்கப்படாமல், பிறந்த கணமே அடுத்த வினையிற் செலவாகியிருந்தால், ஒரு நகரம் உறக்கத்தில் மாண்டிராது.

இக்கருவியை உப்பீனியேற்றத்திற் பயன்படுத்தியோருள் முன்னோடிகளாய் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துச் சேம்பர்ஸ், ஸ்பிங்க் என்னும் இருவரைக் கூறலாம். யாரும் அஞ்சும் புளூரினை நைட்ரஜனிற் கலந்து, நிக்கல் கட்டியில் வெட்டிய மெல்லிய வாய்க்காலில் அவர் செலுத்தினர். திரவம் சுவரைத் தழுவி மென்படலமாய் ஓட, வாயு நடுவே ஓடிற்று. 1999-இல் இது வெளியாயிற்று. 2016-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் காப்பே என்பவரின் குழுவினர் செய்ததோ திருப்பூரார்க்கு இன்னும் அணுக்கமானது. சலவைக்கு வழங்கும் அதே ஹைப்போகுளோரைட்டையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சிறு குழாயிற் கூட்டி, வேண்டியபோது வேண்டிய அளவே குளோரினைப் பிறப்பித்து, அடுத்த குழாயிலேயே அதனைச் செலவிட்டனர். இவ்விரண்டையும் திறந்த வாளியிற் கலப்பவன் தன் உயிருக்கு உலைவைத்துக்கொள்வான். மூடிய நுண்குழாயில் அஃதே அடங்கிய ஊழியனாகிறது. இதனைப் படிக்கும் இளைஞர் வீட்டில் முயலற்க.

நம் நாட்டுப் பணியும் ஒன்று உண்டு. பவநகரில் உள்ள மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார், புரோமைடும் புரோமேட்டும் சேர்ந்த ஒரு கலவையை ஆக்கினர். அமிலம் பட்டவுடன் அது புரோமினேற்றும் பொருளாய் மாறும். இதன் அருமை விளங்கவேண்டுமாயின் பழைய முறையின் ஊதாரித்தனத்தை நினைக்கவேண்டும். புரோமின் மூலக்கூறில் அணு இரண்டு. ஒன்று பொருளில் ஏற, மற்றொன்று ஹைட்ரோபுரோமிக் அமிலமாய்க் கழிவிற் போகும். எவ்வளவு திறமையாய்ச் செய்யினும் பாதி வீண். இரண்டு பங்கு புரோமைடுக்கு ஒரு பங்கு புரோமேட்டு என்னும் அளவிற் சேர்த்தால், மூன்று அணுக்களும் ஏறும் நிலையை அடைகின்றன, ஒன்றும் வீணாவதில்லை. புரோமினைக் குப்பியில் அடைத்து நாடெங்கும் சுமக்கும் அச்சமும் இல்லை. இக்கலவை நீரிற் கரைவதாதலின் குழாயில் ஓடுதற்கும் ஏற்றதென்பது எம் எண்ணம்.

இனிக் குறைகளைக் கூறுவாம். நுண்குழாய்க்குப் பெரும் பகை திண்பொருள். ஒரு மணல் அளவு படிவும் குழாயை அடைக்கும். அடைத்தால் பின்னிருந்து தள்ளும் பம்பின் அழுத்தம் ஏறும். திருப்பூருக்கு மிக வேண்டிய சாயங்களே இவ்விடத்தில் முரண்டுபிடிப்பன. சயனூரிக் குளோரைடு நீரிற் கரையாது. பனிநீரில் மாவாய்க் கலக்கி வினைப்படுத்துவதே வழக்கம். அம்மாவு நுண்குழாயில் ஓடாது. அசிட்டோனிற் கரைத்து ஓட்டலாம். அப்போது அசிட்டோனை மீட்கும் செலவு கூடும். தாலோசயனீன் பச்சையும் திண்மையானது. அன்றியும் உப்பீனியேற்றத்தில் உடன்பிறக்கும் அமிலம் எவர்சில்வர்க் குழாயை அரிக்கும். கண்ணாடி, டெப்லான், சிலிக்கன் கார்பைடு என்பவற்றை நாடவேண்டும். விலை ஏறும். ஒரு குழாயின் விளைவு சிறிதாதலின், பெருக்கவேண்டுவோர் குழாயை அகலமாக்காது, நூறு குழாய்களை ஒருங்கே ஓட்டவேண்டும். நூற்றிலும் ஓட்டம் ஒத்திருக்கச் செய்தல் எளிதன்று.

ஆகவே, நுண்குழாய் வினைகலன் திருப்பூர்ச் சாயப்பட்டறையின் உள்ளே வந்து அமரும் கருவியன்று. துணி அதனுள் நுழையாது. அது அமரவேண்டிய இடம், சாயத்தையும் துணைப்பொருளையும் ஆக்கி அனுப்பும் குஜராத்து முதலிய இடங்களின் தொழிற்சாலை. நொய்யலைக் காக்க மீண்டும் மீண்டும் சட்டம் பேசுகிறோம். ஆயின், இங்கே வந்திறங்கும் ஒரு டிரம் சாயம் வேறோர் ஆற்றங்கரையில் எங்ஙனம் பிறந்தது, அங்கே எத்துணைப் புரோமினும் குளோரினும் வீணாய் ஒழுகின என்று கேட்பவர் நம்மிற் குறைவு. ஆடை வாங்கும் அயல்நாட்டார் திருப்பூரை வினவுவது போல, சாயம் வாங்கும் திருப்பூரும் வினவலாம். அதற்கு உரிமையும் உண்டு, வாங்கும் அளவால் வலிமையும் உண்டு.

பட்டறையினுள்ளேயே இதே நெறியைத் தழுவிய மாற்றங்கள் சில முன்னரே நடந்துள்ளன. பழைய வின்ச்சில் ஒரு கிலோ துணிக்கு 15 முதல் 20 லிட்டர் நீர் வேண்டியிருந்தது. சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் 5 முதல் 8 லிட்டர் போதும். நீர் குறைந்தால் அதில் லிட்டர்க் கணக்கில் இடும் உப்பும் குறையும். சாயத்தையும் காரத்தையும் துணியிற் பிழிந்தேற்றிச் சுருட்டி, அரைநாள் முதல் ஒருநாள் வரை குளிர்ந்த நிலையிற் கிடத்தும் முறைக்கு உப்பே வேண்டுவதில்லை. பின்னல் துணி இழுபட்டால் உருக்கெடுமாதலின் அது நெய்த துணியிற் போல எளிதில் இங்குப் பரவவில்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் மீட்கும் உப்புநீரைச் சாயமேற்றுதற்கே திரும்ப அனுப்பும் வழக்கமும் வந்துள்ளது.

குளோரினால் வெளுக்கும் பட்டறை இன்றும் எங்கேனும் இருப்பின், அதன் கடைசி அலசல் நீரைச் சோதிக்க வழியொன்று மிக எளிது. சிறிது அரிசிக் கஞ்சியைத் தெளிவித்து, அதில் ஒரு சிட்டிகைப் பொட்டாசியம் அயோடைடைக் கரைத்து, சோதனைக்குழாயில் எடுத்த அலசல் நீரில் இரண்டு துளி விடுக. மிச்சக் குளோரின் அயோடைடினின்று அயோடினை விடுவிக்க, அயோடின் கஞ்சியோடு கூடி நீலமாகும். பெராக்சைடு மிஞ்சியிருப்பினும் மெல்ல நீலம் தோன்றக்கூடுமாதலின், எதனால் வெளுத்தார்கள் என்று முதலிற் கேட்டறிதல் நன்று. நீலம் தோன்றின் ஹைப்போவோ பைசல்பைட்டோ இட்டு மீண்டும் அலசவேண்டும். தோன்றாவிடின் அந்நீர் சவ்வைக் கெடுக்காது, சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பலாம்.